துணைவேந்தர் பதவி வளர்ந்தது, பதிவாளர் பதவி தேய்ந்தது: சென்னைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து ஒரு விவாதம்

சேப்பாக்கம்வாசி | 2025 ஜூலை 5, காலை 9.40

கொஞ்ச காலமாகவே செய்தித்தாளைத் திறந்தால் துணைவேந்தர் நியமனம் பற்றித்தான் பேச்சு. நியமிப்பது ஆளுநரா அரசா என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. அந்தப் பதவி எதற்காக வந்தது, காலப்போக்கில் அதன் வேலை எப்படி மாறியது என்று யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. ஒரு மாநிலப் பல்கலைக்கழக அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். அதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1857-ல் சட்டம் போட்டு அதை உருவாக்கியபோது அதற்கென்று ஒரு வகுப்பறை கிடையாது, ஓர் ஆசிரியர் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த அமைப்பு. தேர்வு நடத்த வேண்டும், தேறியவர்களுக்குப் பட்டம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாகாண ஆளுநர் வேந்தர். முதல் துணைவேந்தர் கிறிஸ்டோபர் ராலின்சன், அப்போது சென்னை சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி. இரண்டாண்டுப் பதவி, அதுவும் அவருடைய முழுநேர வேலை அல்ல. நீதிபதி வேலைக்கு நடுவில் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், பட்டமளிப்பு விழாவில் மேடையில் இருப்பார். அவருக்குப் பின்னால் வந்தவர்களிலும் நீதிபதிகளும் ஆளுநரின் ஆலோசனை சபைக்காரர்களும் நிறையப் பேர். இந்தியர்களில் முதலில் அந்த இடத்துக்கு வந்த எஸ். சுப்பிரமணிய ஐயரும் உயர் நீதிமன்ற நீதிபதிதான்.

1914 வாக்கில் பல்கலைக்கழகத்துக்கென்று துறைகள் வர ஆரம்பித்தன. வரலாற்றுக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், பொருளாதாரத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் என்று பேராசிரியர்கள் வந்தார்கள். 1923-ல் வந்த சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் பாடம் நடத்துவதையும் ஆராய்ச்சியையும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகவே ஆக்கியது. அதன் பிறகு விழாவுக்கு மட்டும் வந்துபோகும் துணைவேந்தர் போதவில்லை. ஆள் எடுக்க வேண்டும், கட்டடம் கட்ட வேண்டும், அரசிடம் நிதி கேட்க வேண்டும். 1942 முதல் 1969 வரை ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அந்த நாற்காலியில் இருந்தார். 27 வருடம்! அந்தக் காலத்தில்தான் துணைவேந்தர் என்றாலே பல்கலைக்கழகம் என்ற நிலை வந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். துணைவேந்தர் பதவி வளர்ந்த அளவுக்கு, அலுவலகத்தையும் கோப்புகளையும் நடத்தும் பதிவாளர் பதவி தேய்ந்துவிட்டது. ஊர் முழுக்க முதல் விஷயத்தைப் பேசுகிறோம். மாணவரும் ஆசிரியரும் அன்றாடம் படும் பாடு இரண்டாவதால் வருகிறது.

தாமிரபரணி | ஜூலை 5, மதியம் 1.15

சார், வரலாறு சரி, முடிவில் ஒத்துப்போக முடியவில்லை. பதிவாளர் எந்தக் காலத்தில் சுதந்திரமாக இருந்தார்? சிண்டிகேட் என்ன சொல்கிறதோ அதை எழுதி வைப்பவர்தானே. சிண்டிகேட்டில் எது பேசப்பட வேண்டும் என்று முடிவு செய்பவர் துணைவேந்தர்.

தெற்கே எங்களுக்குப் பல்கலைக்கழகம் வந்ததே 1966-ல், மதுரையில். முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். தமிழறிஞர், மொழியியலாளர். நிலம், கட்டடம், துறைகள், ஆட்கள் என்று எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்ட வேண்டிய இடத்தில் அப்படி ஒருவரை உட்கார வைத்தார்கள். நல்லவர் வந்தால் நல்லது நடக்கும், மற்றவர் வந்தால் யாராலும் தடுக்க முடியாது என்பதுதான் இந்தப் பதவியின் அமைப்பு. 1990-ல் நெல்லைக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோதும் இதே அமைப்பைத்தான் கொடுத்தார்கள். அதிகாரம் குவிந்திருப்பதே நோய் என்கிறேன். பதிவாளர் தேய்ந்தது அதன் விளைவு.

கயல்விழி_பொருளியல் | ஜூலை 5, இரவு 8.50

இரண்டு பேரும் மேலிருந்தே பார்க்கிறீர்கள். நான் உதவிப் பேராசிரியர். கீழிருந்து பார்த்தால் பதவிகளின் எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படுகிறது.

துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர். இவை சட்டப்படியான பதவிகள். இவற்றுக்கு மேல் கல்லூரி வளர்ச்சிக் குழும முதன்மையர் (டீன்), ஆராய்ச்சி முதன்மையர், தொலைநிலைக் கல்வி இயக்குநர், தர உறுதிப்பாட்டு இயக்குநர், வேலைவாய்ப்பு அலுவலர் என்று நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் முளைத்தது. மதுரையில் 1971-லும் சென்னையில் 1981-லும் அஞ்சல்வழிக் கல்வி வந்தது, அதற்கு ஓர் இயக்குநர். 1994-ல் கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பு வந்தது, தர உறுதிப்பாட்டுப் பிரிவு முளைத்தது. 2016-ல் என்.ஐ.ஆர்.எஃப். என்ற தேசியத் தரவரிசை வெளிவர ஆரம்பித்தது, அதற்குத் தரவு திரட்ட ஓர் ஒருங்கிணைப்பாளர்.

இந்தப் பதவிகளில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், கூடுதல் பொறுப்பாக. எங்கள் துறையில் ஒரு மூத்த பேராசிரியர் மூன்று பொறுப்புகளை வைத்திருந்தார். நல்ல ஆசிரியர். அவரிடம் ஆய்வு செய்த மாணவி அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகக் கட்டட வராந்தாவில் காத்திருப்பார். ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவில், நின்றபடியே நாலு பக்கம் படித்துத் திருத்திக் கொடுப்பார். ஆசிரியர் இடங்கள் காலியாகவே கிடக்க, இருக்கும் ஆசிரியர்களையும் நிர்வாகம் இழுத்துக்கொண்டால் பாடம் யார் நடத்துவது? எனக்கு இதுதான் கோபம்.

சட்டமேசை | ஜூலை 6, காலை 7.20

துணைவேந்தர் நியமனம் எப்படி இவ்வளவு சிக்கலானது என்பதைச் சட்டப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி தேடல் குழுவில் மூன்று பேர். செனட் (பல்கலைக்கழகத்தின் பெரிய அவை) ஒருவர், சிண்டிகேட் ஒருவர், வேந்தரான ஆளுநர் ஒருவர் என்று பரிந்துரைப்பார்கள். குழு மூன்று பெயர் கொடுக்கும், வேந்தர் ஒருவரை நியமிப்பார். ஆளுநரும் அமைச்சரவையும் ஒரே திசையில் போனவரை இதில் பெரிய சத்தம் இல்லை. 1994-ல் ஜெயலலிதா ஆட்சியில் முதல்வரையே வேந்தராக்க மசோதா கொண்டுவந்தார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் 2013-ல் தொடங்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதல்வர்தான் வேந்தர். ஆக, இங்கே இது புதிய யோசனை கிடையாது. மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி கமிஷனும் 2010-ல் ஆளுநர்மீது வேந்தர் பதவியைச் சுமத்த வேண்டாம் என்றே சொன்னது.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2010, 2018 விதிமுறைகள் இன்னொரு முடிச்சைப் போட்டன. துணைவேந்தராக வேண்டுமானால் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவமோ அதற்கு இணையான ஆராய்ச்சி, கல்வி நிர்வாக அனுபவமோ வேண்டும். தேடல் குழுவில் யு.ஜி.சி. தலைவரின் ஆள் ஒருவர் வேண்டும். குஜராத்தில் ஒரு நியமனம் இந்த விதிக்கு முரணானது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களை நிறைவேற்றியது, ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 2023 செப்டம்பரில் ஆளுநர் யு.ஜி.சி. ஆளோடு ஒரு தேடல் குழு அறிவித்தார், அரசு அந்த ஆள் இல்லாமல் ஒன்றை அறிவித்தது. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. மே 21-ல் சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. 2025 ஜூலையில் அங்கேதான் நிற்கிறோம்.

நடுவில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபர், சென்னையில் 2023 ஆகஸ்ட், அண்ணாவில் 2024 ஆகஸ்ட் என்று ஒவ்வொரு துணைவேந்தராகப் பதவிக்காலம் முடிந்து போனார்கள். அந்த இடத்தை இப்போது ஒருங்கிணைப்பாளர் குழு நிரப்புகிறது. சென்னையில் அதற்குத் தலைமை உயர்கல்வித் துறைச் செயலர்.

தாமிரபரணி | ஜூலை 6, காலை 10.05

சட்டமேசை, அந்தப் பத்தாண்டு விதியைப் பற்றி ஒரு கேள்வி. 1969-ல் முதலியாருக்குப் பின் வந்த நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தவர், மதிய உணவுத் திட்டத்தில் பெரும்பங்கு அவருடையது. 1975-ல் வந்த மால்கம் ஆதிசேஷய்யா யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்தார், அவர் அரசியல்வாதி, பேச்சாளர். இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள்?

சட்டமேசை | ஜூலை 6, காலை 10.40

‘இணையான அனுபவம்’ என்ற கதவு இருக்கிறது, ஆனால் வழக்கு வந்தால் அது குறுகலான கதவு. சாஸ்திரி நிச்சயம் நுழைந்திருக்க மாட்டார். 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வரைவு விதியில் தொழில்துறை, பொது நிர்வாகம், பொதுக் கொள்கை ஆகியவற்றில் மூத்த நிலையில் இருந்தவர்களும் வரலாம் என்று திறந்திருக்கிறார்கள். கூடவே தேடல் குழுவை அமைக்கும் பிடியை வேந்தர் பக்கம் இறுக்கியிருக்கிறார்கள். தமிழகச் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆதிசேஷய்யா மாதிரி ஒருவர் வருவதற்கு வழி வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆனால் தேர்ந்தெடுப்பவர் ஒருவரே என்றால் அந்த வழியில் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

சேப்பாக்கம்வாசி | ஜூலை 6, மாலை 6.30

தாமிரபரணி, நேற்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பதிவாளர் எழுதி வைப்பவர்தானே என்றீர்கள். அந்த எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பதிவாளரைச் சொல்கிறேன். கீழிருந்து படிப்படியாக வந்தவர். ஒரு கல்லூரி புதுப் பாடப்பிரிவு கேட்டு விண்ணப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு உதவியாளர் நடப்புக் கோப்பில் கடிதத்தைச் சேர்த்து, குறிப்புக் கோப்பில் விவரம் எழுதி, கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர் என்று மேலே அனுப்புவார். எல்லோரும் ‘பரிந்துரைக்கலாம்’ என்று எழுதியிருப்போம். அது அவர் மேசைக்குப் போய், ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரியோடு திரும்பி வரும்: ‘இதே கல்லூரி முன்பு ஆய்வகம் கட்டுவதாக உறுதி கொடுத்தது. அந்தக் கோப்பைச் சேர்த்து வைக்கவும்.’ ரெக்கார்டு ரூமில் போய்த் தேடினால் அவர் சொன்னபடியே இருக்கும். ஆய்வகம் கட்டப்பட்டிருக்காது. பழைய கோப்பையும் சேர்த்துக் கட்டிய பிறகு யாராலும், துணைவேந்தராலும்கூட, சும்மா கையெழுத்துப் போட முடியாது. ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஏன் என்று எழுத வேண்டும்.

அதே இடத்தில் இப்போது ‘பொறுப்பு’ப் பதிவாளரை நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு துறைப் பேராசிரியர், அடுத்த உத்தரவு வரும்வரை அந்த நாற்காலி. அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அவருக்கு அந்தப் பழைய கோப்பு இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் நாளைக்குத் துறைக்குத் திரும்பப் போகிறவர் எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும்? ‘சட்ட ஆலோசகர் கருத்துப் பெறுக’ என்று எழுதிக் கீழே அனுப்பிவிடுவார். கருத்து வரும். ‘பேசவும்’ என்று இன்னொரு தடவை இறங்கும். கடைசியாக நான் இருந்த இடத்தில் ஒரு கடைநிலை ஊழியரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு இப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா வாரா வாரம் வந்து எங்கள் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விதியில் எந்தச் சிக்கலும் இல்லாத கேஸ் அது. இரண்டு பொறுப்புப் பதிவாளர்கள் மாறிப் போனார்கள், மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவுக்கும் யு.ஜி.சி. விதியில் பதிவாளர் பதவிக்கு இரண்டு வழி உண்டு. ஆசிரியர் பக்கமிருந்தும் வரலாம், துணைப் பதிவாளராக எட்டாண்டு இருந்த நிர்வாகப் பக்கத்தவரும் வரலாம். அந்த இரண்டாவது வழி எழுத்தில் மட்டும் இருக்கிறது.

பாலாற்றங்கரை | ஜூலை 7, காலை 11.25

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. துணைவேந்தர் இல்லாத காலத்தில் முனைவர் பட்டம் முடித்தவள் நான். வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லாமே தயார். பட்டமளிப்பு விழா தள்ளிக்கொண்டே போனது. தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வுக்கு விண்ணப்பித்தேன். ஒரு வழியாக வந்த பட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் குழுவின் கையெழுத்து. அங்கே இருந்தவர்கள் இது யார், பல்கலைக்கழகத் தலைவர் எங்கே என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பதிவாளர் அலுவலகத்தில் விளக்கக் கடிதம் கேட்டேன். அதைக் கொடுக்கும் அதிகாரம் தனக்கு இருக்கிறதா என்று பொறுப்புப் பதிவாளருக்கே தெரியவில்லை. கடிதம் வருவதற்குள் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

யார் நியமிக்க வேண்டும் என்ற சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கலாம். என்னோடு படிப்பை முடித்தவர்கள் யாரும் அந்தச் சண்டையைக் கேட்கவில்லை.

பருத்தித்துறையான் | ஜூலை 7, இரவு 9.10

தங்கச்சி, வாசிக்கவே மனம் கனக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தவர்கள், சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். அந்தப் பட்டத்துக்கு இன்றைக்கு யாரோ விளக்கம் கேட்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இலங்கையில் இந்தப் பதவிகள் வேறு விதமாக உருண்டு வந்தன, சொல்கிறேன். 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஐவர் ஜென்னிங்ஸ் துணைவேந்தர். 1972-ல் இருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்று ஒன்றே ஒன்றாக்கினார்கள். நாட்டுக்கே ஒரு துணைவேந்தர்! ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு தலைவர். 1974-ல் யாழ்ப்பாண வளாகம் வந்தபோது பேராசிரியர் கைலாசபதி அதன் தலைவர்தான், துணைவேந்தர் அல்லர். 1978 சட்டத்துக்குப் பிறகு, 1979-ல் யாழ்ப்பாணம் தனிப் பல்கலைக்கழகமானது, பேராசிரியர் வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். அந்த இடைப்பட்ட காலத்தில் சின்னச் சின்ன முடிவுக்கும் கொழும்பைப் பார்க்க வேண்டியிருந்தது என்று மூத்தவர்கள் கதைப்பார்கள்.

இப்போது பல்கலைக்கழகத்தின் நிர்வாக அவையான பேரவை மூன்று பெயர் அனுப்பும், ஜனாதிபதி ஒருவரை மூன்றாண்டுக்கு நியமிப்பார். அதுவும் அரசியலுக்கு அப்பாற்பட்டதில்லை. 2019-ல் யாழ்ப்பாணத்தில் துணைவேந்தரை நீக்கிவிட்டு, ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ ஒருவரை வைத்தே நடத்தினார்கள். உங்களுடைய ஒருங்கிணைப்பாளர் குழு மாதிரித்தான்.

ஆனால் சேப்பாக்கம் ஐயா சொன்ன பதிவாளர் விஷயத்தில் எங்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. உதவிப் பதிவாளர், சிரேஷ்ட உதவிப் பதிவாளர், பதிவாளர் என்று அது தனி நிர்வாக உத்தியோகம். பேரவைக்கும், கல்வி விஷயங்களைப் பார்க்கும் மூதவைக்கும் அவரே செயலாளர். காசுக் கணக்குக்கு நிதியாளர் தனியாக இருக்கிறார். துறைகள் சேர்ந்த பீடத்தின் தலைவரான பீடாதிபதியைப் பீடமே தெரிவு செய்யும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தும் பரீட்சைகள் நடந்தன. மாணவர் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று அறிந்த ஆட்கள் அலுவலகத்தில் இருந்தபடியால்தான் அது முடிந்தது.

கயல்விழி_பொருளியல் | ஜூலை 8, காலை 8.00

அண்ணா, பீடாதிபதியைத் தெரிவு செய்வது எனக்குப் புதிய செய்தி. இங்கே துறைத் தலைவர் பதவிகூடப் பல இடங்களில் பணிமூப்பில் வருகிறது, முதன்மையர் பதவிகள் மேலிருந்து வருகின்றன.

சேப்பாக்கம் சார், உங்கள் பதிவைப் படித்த பிறகு என் கோபத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். பேராசிரியரை நிர்வாகத்துக்கு இழுப்பதும் பதிவாளர் வரிசை காய்ந்துபோனதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். துணைப் பதிவாளர் இடங்களை நிரப்பியிருந்தால் எங்கள் பேராசிரியர் அந்த மாணவியோடு உட்கார்ந்து பேசியிருப்பார்.

தேர்வுப் பக்கமும் இதே கதையா?

சேப்பாக்கம்வாசி | ஜூலை 8, மதியம் 12.45

தேர்வுப் பக்கம் இன்னும் பெரிய கதை, அம்மா. ஆரம்பத்தில் பல்கலைக்கழகமே தேர்வுதான் என்பதால் அதுவும் பதிவாளர் அலுவலகத்துக்குள் இருந்தது. இணைப்புக் கல்லூரிகள் பெருகப் பெருகத் தனி அலுவலர் தேவைப்பட்டார். வினாத்தாள் தயாரிப்பவர் யார் என்பது அவருக்கும் ஓரிரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். விடைத்தாளில் பதிவெண்ணைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுவது, மதிப்பெண் பதிவேட்டை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பது, கடைசியில் முடிவுகளை இறுதி செய்யும் பாசிங் போர்டு உட்காருவது என்று எல்லாமே அவருடைய பொறுப்பு. 1978-ல் லயோலா, கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றபோது அவர்களே தேர்வு நடத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உண்டானார். பல்கலைக்கழகம் அவர்கள் கொடுத்த முடிவின்மேல் பட்டம் மட்டும் வழங்கியது. அப்புறம் கணினி வந்தது, டம்மி நம்பர் பார்கோடு ஆனது, வேலை வெளி நிறுவனங்களுக்குப் போனது. இன்றைக்கு அந்த அலுவலரின் நேரத்தில் பெரும்பகுதி ஒப்பந்தங்களைப் பார்ப்பதில் போகிறது. பழைய மதிப்பெண் பதிவேடுகளைக் கையால் புரட்டத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு முன் படித்தவர் உண்மைத்தன்மைச் சான்று கேட்டால் பிரிவே திணறுகிறது.

நிதி அலுவலர் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியபோதுதான் அப்படி ஒரு பதவி இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்கும். அரசு மானியம் குறைந்து, தணிக்கைத் தடைகள் மலையாகச் சேர்ந்திருக்கும் காலத்தில் துணைவேந்தருக்கு அடுத்தபடி கடினமான நாற்காலி அதுதான்.

தாமிரபரணி | ஜூலை 8, மாலை 5.20

அந்த ஓய்வூதியக் கோப்பு என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. பதிவாளர் இடத்தில் நிலையான ஆள் இருந்தால் துணைவேந்தரின் கையையும் கட்டலாம் என்று சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பதிவாளரை நியமிப்பதே துணைவேந்தர் தலைமை தாங்கும் சிண்டிகேட்தானே? மூன்று வருடம் கழித்து மறுநியமனம் வேண்டும் என்றால் எந்தப் பதிவாளர் பச்சை மையை எடுப்பார்? அண்ணாமலையில் 1929-லிருந்து நிறுவனர் குடும்பம் இணைவேந்தர் இடத்தில் இருந்தது, 2013-ல் அரசு ஐ.ஏ.எஸ். நிர்வாகியைப் போட்டு, சட்டமும் மாற்றியது. மேலே கை மாறியதே தவிர, கீழே இருந்த அலுவலருக்குப் பாதுகாப்பு ஏதும் கூடவில்லையே.

சேப்பாக்கம்வாசி | ஜூலை 8, இரவு 9.35

சரியான இடத்தில் கைவைத்தீர்கள். மறுநியமனமே கூடாது என்பேன். ஒரே முறை, ஓய்வு வயது வரை அல்லது ஐந்தாண்டு. மாநிலத்துக்குப் பொதுவாகப் பல்கலைக்கழக நிர்வாகப் பணி என்று ஒரு வரிசையை உண்டாக்கி, தேர்வாணையம் மூலம் உதவிப் பதிவாளர்களை எடுத்து, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். அப்படிச் செய்தால் உள்ளூர் சிண்டிகேட்டின் தயவு தேவைப்படாது. இதற்கு ஆளுநர், அரசு, யு.ஜி.சி. எந்த வழக்கும் முடிய வேண்டியதில்லை.

சட்டமேசை | ஜூலை 9, காலை 7.05

முழுக்க அப்படி இல்லை சார். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனிச் சட்டத்தில் நிற்கிறது. பதிவாளரை நியமிக்கும் அதிகாரம் அந்தந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பொதுப் பணிவரிசை வேண்டுமென்றால் எல்லாச் சட்டத்தையும் திருத்த வேண்டும், திருத்த மசோதா மறுபடியும் ஆளுநர் ஒப்புதலுக்குத்தான் போகும். ஆனால் காலியாக இருக்கும் உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர் இடங்களை நிரப்பவும், பொறுப்புப் பதிவாளருக்குப் பதில் முறையான விளம்பரம் கொடுத்து நிலையான ஆளை எடுக்கவும் புதுச் சட்டம் தேவையில்லை. ஒருங்கிணைப்பாளர் குழு எந்த அளவுக்குக் கொள்கை முடிவு எடுக்கலாம் என்பதில் வாதம் வரலாம், சிண்டிகேட் தீர்மானம் இருந்தால் நிற்கும் என்றே நினைக்கிறேன். பாலாற்றங்கரை, உங்களுக்குக் கடிதம் தாமதமான விஷயத்தில் தேதிவாரியாக ஆவணங்கள் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பாலாற்றங்கரை | ஜூலை 9, காலை 9.50

மின்னஞ்சல்கள் எல்லாம் இருக்கின்றன சார். இன்று மாலைக்குள் அனுப்புகிறேன். என்னோடு முடித்த இன்னும் இரண்டு பேரும் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள்.

சட்டமேசை | ஜூலை 9, காலை 10.15

தாராளமாக. தற்காலிகச் சான்றிதழ் நகலையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.